ஊரையே சந்தேகித்த சட்டம்

ஒரு வீட்டில் நகை திருட்டுப் போனால் விசாரணை இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. திருட்டு நடந்த வீட்டிலிருந்து தொடங்கலாம்: உடைந்த பூட்டு, பீரோவில் பதிந்த விரல், கொல்லைப்புற மண்ணில் கால்தடம், நகை எங்கே இருக்கிறது என்பது யார் யாருக்குத் தெரியும் என்ற கேள்வி. அல்லது, 'இவர்கள்தான் செய்திருப்பார்கள்' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பெயர்களிலிருந்து தொடங்கலாம். இரண்டாவது வழி சுலபமானது, விரைவானது. ஆனால் குற்றவாளி அந்தப் பெயர்களுக்கு வெளியே இருந்தால் கடைசிவரை அகப்படமாட்டார். மதுரையிலும் அதற்கு மேற்கே திருமங்கலம், உசிலம்பட்டிச் சமவெளியிலும் 1914 முதல் 1947 வரை இந்த இரண்டாவது வழியே சட்டமாக இருந்தது. முன்முடிவு எப்படித் துப்புத் துலக்கலைக் கெடுக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் இந்தச் சீமையின் வரலாறுபோலத் தெளிவாகக் காட்டுவது அரிது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியப் பகுதிகளுக்காக இயற்றப்பட்டது. தச்சர் மகன் தச்சராகவும் நெசவாளர் மகன் நெசவாளராகவும் ஆகும் நாட்டில் திருடர் மகன் திருடராகத்தான் ஆவார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். தக்கர்கள் எனப்பட்ட வழிப்பறிக் கொள்ளையரை ஒடுக்குவதாக 1830களில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் நடத்திய வேட்டை அந்த நம்பிக்கைக்கு முன்பே வலுவேற்றியிருந்தது. 1911-இல் சட்டம் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணமும் அதன் வரம்புக்குள் வந்தது. ஒரு சமூகத்தைக் 'குற்றப் பரம்பரை' என்று அரசிதழில் அறிவித்தால் போதும்; அதில் பிறந்த ஒவ்வொருவரையும் பதிவேட்டில் ஏற்றலாம். அந்த அறிவிப்பு சரியா என்று நீதிமன்றம் கேட்க முடியாது. 1914-இல் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் பிடிக்குள் வந்தது.

இந்த அறிவிப்புக்கு முன்னால் நெடுங்காலமாகக் கதைகள் சேர்ந்துகொண்டிருந்தன. திருமலை நாயக்கர் மகாலில் மன்னரின் படுக்கையறைக் கூரையில் ஓட்டை போட்டு, அதன் வழியே இறங்கி நகைகளைத் திருடிச் சென்ற கள்ளனின் கதை அவற்றில் புகழ்பெற்றது. நகையைத் திருப்பித் தந்தால் மானியம் தருவதாக மன்னர் அறிவித்தார். திருடியவன் வந்து தந்தான். வாக்குப்படி மானியத்தை அளித்த கையோடு அவன் தலையையும் வாங்கினார் என்று கதை முடியும். சுவையான கதைதான். ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் சொல்லும்வரை அதனால் கெடுதல் இல்லை. ஆனால் 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியர் போன்ற அரசு நூல்களில் இத்தகைய கதைகள் ஏறியபோது அவற்றின் தன்மையே மாறிவிட்டது. திண்ணைக் கதை அதிகாரியின் மேசையில் சான்றாக அமர்ந்தது. 1892-இல் காவல்துறை அதிகாரி முல்லாலி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பார்' பற்றிக் கையேடு எழுதினார். 1909-இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். புதிதாகப் பணிக்கு வரும் அதிகாரி ஊரைப் பார்ப்பதற்கு முன்பே இந்த நூல்களைப் படித்துவிடுவார். யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவருக்கு முதல் திருட்டு நடப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஐரோப்பாவிலும் அக்காலத்தில் இதே எண்ணம் அறிவியல் வேடத்தில் உலவியது. பிறவிக் குற்றவாளியை முகத்தாடை, நெற்றி, காது ஆகியவற்றின் வடிவத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் எழுதினார். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்ல்ஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913-இல் நிறுவினார். கீழக்குயில்குடியில் மக்களைப் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

கதைகள் மறைத்த ஒன்று, காவல். மதுரைச் சீமையில் கள்ளர் நாட்டார் பல ஊர்களுக்குக் காவல்காரர்களாக இருந்தனர். விளைச்சலில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு களத்தையும் மாட்டையும் வீட்டையும் காத்தனர். காவல் ஊரில் களவு போனால் பொருளைத் தேடித் தர வேண்டும். இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். தொலைந்த மாட்டைத் தடம் பிடித்துத் திரும்பச் சேர்ப்பதற்குத் துப்புக்கூலி என்று ஒரு தொகை உண்டு. இந்த முறைக்கு இருண்ட பக்கமும் இருந்தது. காவல் கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வருவதும் நடந்தன. அதனால் உண்மையாகவே துன்பப்பட்ட குடியானவர்கள் 1896-இல் திண்டுக்கல் பக்கத்தில் காவலுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து கள்ளர்களை ஊரைவிட்டு விரட்டினர். களவில் ஈடுபட்டவர்கள் இருந்தார்கள் என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. களவு செய்தவர்களைத் தேடிப் பிடிக்காமல், அவர்கள் பிறந்த சமூகத்தையே பிடித்ததுதான் தவறு. காத்தவர், களவாடியவர், வயலில் உழைத்துப் பிழைத்தவர் என்ற வேறுபாடெல்லாம் பதிவேட்டின் ஒரே பத்தியில் கரைந்துபோயின.

மக்கள் இந்தச் சட்டத்தைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். பதிவேட்டில் ஏறியவர் பெருவிரல் ரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் அதிகாரி முன் நேரில் நிற்க வேண்டும். இருப்பிடத்தை மாற்றினாலும் வெளியூர் சென்றாலும் தெரிவிக்க வேண்டும். ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துக் கிடக்க வைக்கப்பட்டனர். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகக்கூட ராதாரிச் சீட்டு வேண்டும். சட்டம் குறித்த குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை என்றால் ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். சந்தேகத்துக்குரிய சூழலில் காணப்பட்டாலே மூன்று ஆண்டு வரை உள்ளே தள்ளலாம். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க ஊர் மறுத்தது. போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். அவர்கள் பெயர் தாங்கிய நினைவுத் தூண் அந்த ஊரில் நிற்கிறது.

மனித உரிமையின் பார்வையில் இந்தச் சட்டத்தின் கொடுமை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதே அளவுக்குப் பேசப்படாதது, துப்புத் துலக்கும் கருவி என்ற அளவிலேயே அது தோற்றுப்போனது எப்படி என்பது.

முதலில் எண்ணிக்கையின் மயக்கம். இரவும் பகலும் கண்காணிக்கப்படும் சமூகத்தில் சிறு தவறுகூடப் பதிவாகும். சீட்டு இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போனது, ஆஜர் கொடுக்கத் தவறியது எல்லாம் தண்டனைகளாகக் கணக்கில் ஏறும். கண்காணிக்கப்படாத சமூகத்தில் நடக்கும் களவு, பிடிபட ஆளில்லாமல் கணக்கிலிருந்தே நழுவும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும் அதிகாரிக்குப் பட்டியலில் உள்ளவர்களே அதிகம் தண்டிக்கப்பட்டதாகத் தெரியும். அதைக் காட்டிப் பட்டியலை நீட்டிக்கலாம். நம்பிக்கையே புள்ளிவிவரத்தை உண்டாக்கி, அந்தப் புள்ளிவிவரம் நம்பிக்கைக்குச் சான்றாகும் வட்டம் இது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978-இல் கள்ளர்கள் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையும், பின்னர் டேவிட் அர்னால்ட் சென்னை மாகாணக் காவல்துறை பற்றிச் செய்த ஆய்வுகளும் இந்தக் 'குற்றப் பரம்பரை' முத்திரையை வரலாற்று ஆவணங்களைக் கொண்டே மறுபரிசீலனை செய்தன.

அடுத்தது, பட்டியலுக்கு வெளியே இருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. ஒரு பண்ணையில் நெல்லோ நகையோ காணாமல் போனால், அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளையையோ பங்காளியையோ கடன்பட்டு நின்ற மருமகனையோ யாரும் விசாரிக்கப் போவதில்லை. பழி எங்கே போய் விழும் என்பது ஊருக்கே தெரியும். களவு செய்ய நினைத்தவருக்கு இதைவிட வசதி வேறில்லை. களவு நகையை உருக்கி விற்றவரும், களவு மாட்டைச் சந்தையில் கைமாற்றியவரும் பதிவேட்டில் இடம்பெறவில்லை. வாங்குபவர் இல்லாமல் எந்தக் களவும் ஒரு தொழிலாக நிலைக்காது. ஆனால் சட்டத்தின் கண் அந்தக் கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, வாய் திறக்க ஆளில்லாமல் போனது. எந்தக் குற்றத்திலும் உண்மை யாரோ ஒருவர் பார்த்ததையும் கேட்டதையும் சொல்வதிலிருந்துதான் வெளிவருகிறது. ஊர் எல்லையில் புதிதாகத் தென்பட்ட ஆள், நடுச்சாமத்தில் ஓடிய வண்டி, திடீரென்று மீட்கப்பட்ட அடகு நகை எல்லாம் ஊர்க்காரர் கண்ணில் படுபவை. காவல் நிலையத்துக்குப் போனால் தானே குற்றவாளியாக நிறுத்தப்படுவோம் என்று அஞ்சும் ஊர் அவற்றைச் சொல்லாது. தடம் பார்த்து மாட்டைக் கண்டுபிடிக்கும் தலைமுறை அறிவு உள்ளவர்களையே ரேகை வைத்துப் படுக்கப் போட்டது அந்தச் சட்டம். தன் கண்ணையும் காதையும் தானே கெடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக நீதிமன்றத்திலும் வெளியிலும் வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று அவரை அவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். மதுரை யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றோரும் சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது.

அந்தச் சட்டம் பயன்படுத்திய கைரேகையின் வரலாறு தனியாகக் கவனிக்கத் தக்கது. ரேகையின் மதிப்பு அது ஒருவரை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தொடங்கப்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய ரேகை வகைப்பாட்டு முறையை வகுப்பதில் அங்கு பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இந்தியர்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. அதே காலத்தில் வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை செய்யப்பட்டார். தோட்டக் கூலிகள்மீது சந்தேகம் எழுந்தது. உடையில் ரத்தக் கறை இருந்ததால் சமையல்காரர்மீது எழுந்தது. அருகில் முகாமிட்டிருந்த நாடோடிக் காபூலியர்மீதும் எழுந்தது. கொலையானவரின் பெட்டியிலிருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் மங்கலான ரேகை ஒன்று பதிந்திருந்தது. கல்கத்தாவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முன்பு அவரிடம் திருடித் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரர் ஒருவருடைய ரேகையோடு அது பொருந்தியது. திருட்டுக் குற்றம் அவர்மீது நிரூபணமானது. கூலிகள், நாடோடிகள் என்ற வழக்கமான சந்தேகங்களெல்லாம் அந்த ஒரு ரேகையில் உதிர்ந்தன.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1892-இல் அர்ஜென்டினாவின் நெகோச்சேயா ஊரில் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டனர். தாய் கைகாட்டிய ஆணைப் பிடித்துப் போலீஸ் வதைத்தது. பெற்ற தாய் பிள்ளையைக் கொல்லமாட்டாள் என்ற நம்பிக்கை யாரையும் வேறு பக்கம் பார்க்க விடவில்லை. கதவில் பதிந்திருந்த ரத்த ரேகை தாயினுடையது என்று தெரிந்தபிறகே உண்மை வெளிவந்தது. ஒரு தனி ஆளைக் கண்டுகொள்வதற்காகப் பிறந்த இந்தக் கருவியை மதுரைச் சீமையில் ஒரு முழுச் சமூகத்தையும் ஒரே ஆளாகப் பார்ப்பதற்குப் பயன்படுத்தினார்கள்.

இந்த நோய் பழங்காலத்தோடு போய்விடவில்லை. வளர்ந்த நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மனியில் 2000 முதல் 2006 வரை பல நகரங்களில் சிறு கடை வைத்திருந்தோர் உட்பட ஒன்பது பேர் ஒரே துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்டுப் பேர் துருக்கியப் பின்னணியினர், ஒருவர் கிரேக்கர். குடியேறியவர்கள் கொல்லப்பட்டால் போதைப்பொருள் கடத்தலோ குடும்பப் பகையோதான் காரணம் என்று போலீஸ் முடிவு கட்டி, இறந்தவர்களின் மனைவி மக்களையே ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த மரபணு நாடு முழுவதும் பல குற்ற இடங்களில் கிடைத்த ஒரே பெண்ணின் மரபணுவாக இருந்தது. ஊர் ஊராகத் திரியும் ரோமா மக்கள்மீது சந்தேகம் திரும்பியது. 2009-இல் தெரிந்தது: அது தடயம் எடுக்கப் பயன்படும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணுடையது. இந்தப் பத்துக் கொலைகளையும் செய்தது ஒரு நவ நாஜிக் கும்பல் என்பது 2011-இல்தான் அம்பலமானது. அதுவும் அவர்கள் நடத்திய வங்கிக் கொள்ளை ஒன்றைத் தொடர்ந்து.

தமிழ்நாட்டில் பட்டியல் ஒழிந்தும் பழக்கம் ஒழியவில்லை. 1993-இல் கடலூர் பக்கம் முதனை கிராமத்தில், ஒரு திருட்டு வழக்குக்காகக் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைப் போலீஸ் கொண்டுபோய் அடித்தே கொன்றது. தப்பி ஓடிவிட்டார் என்று கதை கட்டியது. வழக்கறிஞர் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கால் அது உடைந்தது. காவலர்கள் பின்னர் தண்டனை பெற்றனர். 'ஜெய் பீம்' படத்தின் மூலம் உலகமே அறிந்த வழக்கு இது. காவலர்களிடம் மட்டும் உள்ள குறையாகவும் இதைப் பார்க்க முடியாது. 2018 மே மாதம் குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்றை, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊர் திரண்டு அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்றப் பதிவகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஊருக்குப் புதியவரைத் துரத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் உறவினரும் அண்டை வீட்டாரும் கண்ணுக்குத் தப்புகிறார்கள்.

சட்டத்தில் சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. வெறும் சமூகப் பின்னணியை வைத்து இயந்திரம்போலக் காவல்துறையின் சரித்திரப் பதிவேட்டில் பெயர் ஏற்றுவது பற்றி 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை நீக்கிய தீர்ப்பில், முன்பு குற்றப் பரம்பரை என அறிவிக்கப்பட்டிருந்த சீர்மரபினரைப் போலீஸ் எதேச்சையாகக் கைது செய்யக் கூடாது என்றும் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது. அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. இந்த விதி ஏட்டோடு நிற்காமல் உசிலம்பட்டி, மேலூர் போன்ற ஊர்களின் காவல் நிலையம் வரை வர வேண்டுமானால், வல்லுநர்களும் ஆய்வகங்களும் இன்னும் பெருக வேண்டும்.

பொதுமக்கள் பங்கும் இதில் சிறிதல்ல. பல வழக்குகளில் விசாரணை திசை மாறும் முதல் இடம் புகார் மனுவே. 'இவர்கள்மீது சந்தேகம்' என்று எழுதும் ஒரு வரியை வைத்துப் போலீஸ் நாள்கணக்கில் ஓடுகிறது. அதற்குள் தரையிலிருந்த தடம் அழிந்துவிடுகிறது. புகார் கொடுப்பவர்கள் கண்ணால் பார்த்ததையும், காணாமல் போன பொருளின் அடையாளத்தையும், கடைசியாக அதைப் பார்த்த நேரத்தையும், அது இருந்த இடம் வீட்டில் யார் யாருக்குத் தெரியும் என்பதையும் மட்டும் எழுதிக் கொடுங்கள். போலீஸ் வரும்வரை பீரோவையும் கதவையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.